மிச்சமுள்ள 23 மணி நேரம்

தடம் மாறிய பிள்ளைகளை, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட பிள்ளைகளைக் கரை சேர்ப்பவர்கள் யார்? திருவிடந்தையைச் சுற்றி ஒரு பார்வை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் விடுமுறை நாளென்றால் மாலையும் கையுமாகக் கூட்டம் அலைமோதும். 360 பெண்களைப் பெற்றுவிட்டுத் தவித்த காலவ முனிவருக்காக, நாளுக்கு ஒரு பெண்ணாகப் பெருமாளே கைப்பிடித்தார் என்பது தலபுராணம். பிள்ளைக்குக் கல்யாணம் கைகூட வேண்டும் என்று பெற்றவர்கள் மாலை வாங்கிக் கொடுத்துப் பிராகாரத்தைச் சுற்றி வரச் சொல்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றிய கவலையை இறக்கி வைக்கும் இடம் இது.

அந்த மாலையை வாங்கிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறார்கள். திருவிடந்தைக்கு வடக்கே கோவளம் மீனவர் குப்பம், தெற்கே இருளர்களும் நரிக்குறவர்களும் வசிக்கும் மாமல்லபுரம் பூஞ்சேரி, மேற்கே செங்கல்பட்டு நகரத்தில் சட்டத்தோடு மோதிய சிறுவர்களை வைத்திருக்கும் அரசினர் சிறப்பு இல்லம். மூன்று திசையிலும் பிள்ளைகளோடு நாளெல்லாம் கிடந்து வேலை பார்க்கும் மனிதர்கள் உண்டு. வார்டன், இல்லத் தாய், நன்னடத்தை அலுவலர், புறத்தொடர்புப் பணியாளர், பயிற்சியாளர் என்று பதவிப் பெயர்கள் பல. பிள்ளைகளுக்கு அவர்கள் சார், மிஸ், அக்கா, அண்ணா.

மனம் உடைந்த பிள்ளையை யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டால் ஆற்றுப்படுத்துநர், மனநல மருத்துவர் என்றுதான் நமக்குச் சொல்ல வரும். அமெரிக்காவில் பிள்ளைகள் இல்லங்களில் வேலை பார்த்த ட்ரீஷ்மன், விட்டேக்கர், பிரெண்ட்ரோ ஆகிய மூவர் 1969-ல் எழுதிய புத்தகம் இந்த நினைப்பை அசைத்தது. மருத்துவரின் அறையில் பிள்ளை இருப்பது ஒரு மணி நேரம். மிச்சமுள்ள 23 மணி நேரம் யாரோடு போகிறது? எழுப்புவது, பல் தேய்க்க வைப்பது, சோறு போடுவது, சண்டையை விலக்குவது, தூங்க வைப்பது எல்லாம் யார் கையில்? மாற்றமோ நாசமோ அந்த நேரத்தில்தான் நடக்கிறது என்பது அவர்கள் வாதம். புத்தகத்தின் பெயரே ‘மற்ற 23 மணி நேரம்’ என்பதுதான்.

தலையணைக்கடியில் சப்பாத்தி

இல்லங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். புதிதாக வந்த பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு சப்பாத்தியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகும். இரண்டு நாளில் தலையணைக்கடியில் எறும்பு மொய்க்கும். பக்கத்துப் படுக்கைப் பையன் கத்திக் காட்டிக்கொடுப்பான். மொத்த அறையும் சிரிக்கும்.

இந்த நிமிஷத்தில் அங்கே நிற்கும் ஆள் என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம். ‘திருட்டுப் புத்தி போகலையே’ என்று முதுகில் ஒன்று வைக்கலாம். தட்டிலேயே தின்றுவிட்டு எழுந்திரு என்று சட்டம் போடலாம். விவரம் தெரிந்தவர் அதைச் செய்யமாட்டார். கத்தியவனை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, போர்வையை உதறி மாற்றுவார். மறுநாள் மூடி போட்ட ஒரு டப்பாவில் நாலு பிஸ்கட் போட்டு, “இது உன்னோடது. தீர்ந்து போனா கேளு, போட்டுத் தரேன்” என்று கொடுப்பார். முதல் நாள் டப்பா ராத்திரியே காலியாகும். மறுநாளும் காலியாகும். அவர் முகம் சுளிக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பார். நாள் போகப் போக டப்பாவில் பிஸ்கட் மிஞ்ச ஆரம்பிக்கும். ஒருநாள் அந்தப் பையனே டப்பாவைத் திறந்து பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு நீட்டுவான்.

பசி தெரிந்த வயிறு அடுத்த வேளைச் சோறு வரும் என்று நம்பாது. ‘வரும்’ என்று வாயால் சொன்னால் அது கேட்காது. வேளை தவறாமல் வந்தால் மட்டும் நம்பும். படுக்கையை நனைக்கும் பிள்ளைக்கும் இதே கதைதான். மற்றவர்கள் எழுவதற்குள் விரிப்பை மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி டீ கொடுக்கும் ஒரு அக்கா, அந்தப் பிள்ளையின் மானத்தைத் தினமும் காப்பாற்றுகிறார். மானம் மிஞ்சிய பிள்ளைக்குத்தான் மாறுவதற்குத் தெம்பு வரும்.

இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘தனிநபர் பராமரிப்புத் திட்டம்’ ஒன்று எழுதப்பட வேண்டும். உடம்பு, படிப்பு, மனசு, குடும்பம் என்று தலைப்பு வாரியாக அதில் கட்டங்கள் இருக்கும். டப்பாவுக்கு அதில் கட்டம் கிடையாது. இந்தத் தொழிலின் நுணுக்கமெல்லாம் இப்படிக் காகிதத்துக்கு வெளியேதான் கிடக்கிறது.

கோவளத்து அலை

வடக்கே மூன்று நாலு கிலோமீட்டரில் கோவளம். மூர்த்தி மேகவன் அங்கே பிறந்த மீனவர். அலைச்சறுக்கைத் தானாகக் கற்றுக்கொண்டவர். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி உருவானது. குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பலகை இலவசம். ஆனால் நிபந்தனை உண்டு. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, அலையில் மட்டும் ஏறலாம். இந்த மூன்றும்தான் அந்தப் பள்ளியின் முழக்கமே.

கடலோரக் குப்பங்களில் பதின்வயதுப் பையன்களைக் குடி எப்படி இழுக்கும் என்று அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். கடலுக்குப் போகாத நாளில் பொழுது நீளம். கையில் காசு வரும் நாளில் கூட்டாளிகள் அதிகம். அந்தப் பையனை உட்கார வைத்து ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று வகுப்பெடுத்தால் தலையாட்டிவிட்டு நேராகக் கடைக்குப் போவான்.

கடற்கரையில் நடக்கும் பாடம் வேறு மாதிரி. இடுப்பளவுத் தண்ணீரில் அண்ணன் நிற்கிறார். பலகையில் குப்புறப் படுத்திருக்கும் பையன் கரையைப் பார்த்திருக்கிறான். பின்னால் வரும் அலையை அவனால் பார்க்க முடியாது. அண்ணன்தான் பார்க்கிறார். சின்ன அலையென்றால் விட்டுவிடுகிறார். சரியான அலை வரும்போது பலகையின் வாலைப் பிடித்து ஒரு தள்ளு, “எழு!” என்று ஒரு குரல். பையன் எழுகிறான், விழுகிறான், உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு திரும்பி வருகிறான். அண்ணன் அதே இடத்தில் நிற்கிறார். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஆனால் பின்னால் வருவதை எனக்காகப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பது அந்தப் பையனுக்கு உடம்பாலேயே தெரிந்துபோகிறது. நாளைக்குக் காலை ஐந்தரைக்குக் கடலில் இருக்க வேண்டுமென்றால் இன்று ராத்திரி குடிக்க முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

கூடச் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்யும்போதுதான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள் என்று இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்வார்கள். எதிரெதிரே நாற்காலி போட்டு ‘உன் பிரச்சினை என்ன’ என்று கேட்டால் மௌனம். வெங்காயம் உரித்துக்கொண்டோ, கேரம் ஆடிக்கொண்டோ, பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டோ இருக்கும்போது, கண்ணைப் பார்க்காமலே, பாதி வாக்கியத்தில் வீட்டுக் கதை வெளியே வரும். மிச்சப் பாதியை அவசரப்பட்டுக் கேட்காமல் இருப்பவர்தான் கைதேர்ந்தவர்.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு அந்த மேடை பெரிய விஷயம்தான். ஆனாலும் பதக்கம் வாங்கினவர்களைவிட, பதக்கம் வாங்காமல், பள்ளிக்கூடத்தையும் விடாமல், இன்று அடுத்த தலைமுறைக்குப் பலகை பிடிக்கும் பையன்களே இந்த வேலையின் விளைச்சல்.

கோட்டைக்குள் ஒரு பள்ளி

மேற்கே போனால் கதை இருட்டு. செங்கல்பட்டின் பழைய கோட்டைக்குள் 1887-ல் ஆங்கிலேய அரசு ஒரு சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கியது. பிள்ளைகளைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் தனியே வைத்துத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்பது அன்றைக்கு முற்போக்கான எண்ணம். 1920-ல் வந்த சென்னைச் சிறார் சட்டம், இந்தியாவிலேயே சிறாருக்கென்று ஒரு மாகாணம் இயற்றிய முதல் சட்டம். வங்காளமும் பம்பாயும் பிறகுதான் வந்தன. இந்தத் துறையில் தமிழ்நாடு முன்னோடி. பெயர்ப் பலகைகளும் காலத்துக்கேற்ப மாறின. இன்று அது அரசினர் சிறப்பு இல்லம். குற்றம் புரிந்ததாக இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்யும் சிறுவர்களை அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வரை இப்படிப்பட்ட இல்லத்தில் வைக்கலாம்.

2022 டிசம்பர் கடைசியில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டான். டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். அடித்ததால் வந்த சாவு என்று வழக்குப் பதிவாகி, இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. மாநிலம் முழுக்க இந்த இல்லங்களைப் பார்வையிட்டு 2023-ல் அவர் தந்த அறிக்கை, இல்லங்களை நடத்தத் தனி நிர்வாக அமைப்பு வேண்டும் என்று சொன்னது. இந்த இல்லங்களைக் கவனிக்கும், சமூகப் பாதுகாப்புத் துறை என்று நாம் அறிந்த துறைக்கு இன்று குழந்தைகள் நலன், சிறப்புச் சேவைகள் என்று பெயர்.

இதைத் தனிமனிதர்களின் கொடூரம் என்று முடித்துவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் 23 மணி நேரக் கணக்கை இங்கேயும் போட வேண்டும். பையன் இல்லத்துக்குள் நுழையும் முதல் ராத்திரிதான் ஆகப் பெரிய ஆபத்து. அவன் பயத்தில் இருப்பான். பயம் வெளியே திமிராகத் தெரியும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அவனைச் சோதிப்பார்கள். ஊழியருக்கும் பயம்தான். பத்துப் பேர் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் நின்றால், அந்த இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே வித்தை குரலையும் கையையும் ஓங்குவதென்றால், கட்டுப்பாடு என்ற பெயரில் அடிதான் மிஞ்சும். பயிற்சி பெற்ற ஊழியர் அந்த ராத்திரியில் செய்வது சின்னச் சின்னக் காரியங்கள். குளிக்கச் சுடுதண்ணீர் வைப்பார். சாப்பிட வைப்பார். கழிப்பறை எங்கே, விளக்கு எப்போது அணையும், காலையில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வார். அம்மாவுக்குத் தகவல் போய்விட்டதா என்று விசாரித்துச் சொல்வார். என்ன தப்பு செய்தாய் என்று அன்றைக்குக் கேட்கமாட்டார்.

இல்லங்களில் பிள்ளைகளை அடிப்பதை 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. முதல் முறை தண்டனை பத்தாயிரம் ரூபாய் அபராதம். வேலையும் போகும், இனி பிள்ளைகளோடு வேலை செய்யவும் தடை வரும். சட்டம் கையைக் கட்டுகிறது, நல்லது. அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்பதைக் கற்றுத்தருவது யார் பொறுப்பு?

ஒரு சான்றிதழுக்கு எத்தனை நடை

திருவிடந்தையிலிருந்து தெற்கே போகும் வழியில் வடநெம்மேலி. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. நாடெங்கும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுக்கும் கைகள் இருளர்களுடையவை. அதே சமூகத்தின் குடும்பங்கள் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகளும் இந்த மாவட்டங்களிலிருந்துதான் வருகின்றன.

சூளைக் கணக்கு கொடுமையானது. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் வேலை தொடங்கும். முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளைகுட்டியோடு போய்ச் சூளையோரம் குடிசை போடும். பள்ளிக்கூடத்தில் அது முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய காலம். சூளை முடிந்து ஊர் திரும்பும்போது பிள்ளை ஒரு வகுப்பு பின்தங்கியிருக்கும். மறு வருஷமும் இதே ஆனால், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு நின்றுவிடும்.

இங்கே பிள்ளைகளுக்காக வேலை பார்க்கும் களப்பணியாளரின் ஆயுதம் ஒரு துணிப்பை. அதற்குள் பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள். பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இல்லையென்றால் பிள்ளைக்கு வாங்குவது மலையைக் கட்டி இழுக்கும் வேலை. அது இல்லாமல் பத்தாம் வகுப்பைத் தாண்டினால் உதவித்தொகை, விடுதி எல்லாம் சிக்கல். ஆகவே அவர் மனு எழுதுகிறார், விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலருக்காகக் காத்திருக்கிறார், திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதுகிறார். மனசைத் தேற்றும் வார்த்தை எதுவும் இதில் இல்லை. ஆனால் ஒரு அக்கா தனக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதைப் பார்க்கும் பெண்பிள்ளை, தன் படிப்பு யாருக்கோ முக்கியம் என்று புரிந்துகொள்கிறாள்.

2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்காரவிடவில்லை என்று ஒரு நரிக்குறவப் பெண் பேசிய காணொளி மாநிலத்தையே உலுக்கியது. அந்தத் தீபாவளி நாளில், நவம்பர் 4 அன்று, முதல்வர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்குப் போய் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டாக்களையும் சாதிச் சான்றிதழ்களையும் கொடுத்தார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த சட்டத் திருத்தம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு அப்புறம்

சுனாமி இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 தமிழ்நாட்டில் அதிகம் தின்றது நாகப்பட்டினத்தை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அங்கே அன்னை சத்யா அரசுக் குழந்தைகள் இல்லம் ஏற்பட்டது. அப்போது ஆட்சியராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன் பதவி மாறி எங்கெங்கோ போன பிறகும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. அங்கே வளர்ந்த பெண் ஒருவருக்கு 2022-ல் நடந்த கல்யாணத்தை அவரே முன்நின்று நடத்தினார். நாளிதழ்கள் அதை எழுதின. நெகிழ வேண்டிய செய்தி. கூடவே ஒரு கேள்வியும் எழ வேண்டும்: ஆட்சியரின் கண்ணில் படாத பிள்ளைகளுக்குப் பதினெட்டு முடிந்த மறுநாள் என்ன?

நம் வீட்டுப் பிள்ளை பதினெட்டில் வீட்டைவிட்டுப் போவதில்லை. வேலை கிடைக்கும்வரை, கிடைத்த பிறகும், கோபித்துக்கொண்டாவது திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வாசல் பிறந்தநாளோடு மூடுகிறது. இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. பிற்காப்பு என்ற பெயரில் 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை உதவலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வழி செய்யப்பட்டிருக்கிறது. பணம் உதவும். ஆனால் வாடகை வீட்டுக்காரர் ‘அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா’ என்று சொல்லும்போது கூடப் போய் நிற்க, முதல் சம்பளத்தில் என்ன வாங்கலாம் என்று போனில் கேட்க, காய்ச்சலில் கிடக்கும்போது ‘சாப்பிட்டியா’ என்று விசாரிக்க ஒரு மனிதர் தேவை. பழைய வார்டனின் நம்பரைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் அழுத்துகிறார்கள். வார்டன் எடுத்துப் பேசுவது எந்த வேலை நேரக் கணக்கிலும் வராது.

ஓர் ஆள் நிலைத்தால்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, உடைந்த குடும்பம் என்று எல்லாப் பாதகமும் சூழ்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உருப்படியாக வளர்ந்து நின்றார். அப்படி நின்றவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, அவர்கள்மேல் அக்கறை மாறாத ஒரு பெரியவர். தாத்தா, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். ஆனால் நிலையாக இருக்க வேண்டும்.

நம் ஏற்பாடு இதற்கு நேர் எதிர். இல்லங்களிலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் பணியிடங்கள் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். நல்ல ஆள் கொஞ்ச காலத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஏற்கெனவே பலர் விட்டுப்போன பிள்ளையை இன்னொருவரும் விட்டுப்போகிறார். அடுத்து வருபவரை அந்தப் பிள்ளை ஏன் நம்ப வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் இது பதிவு பெற்ற தொழில். குழந்தை, இளைஞர் பராமரிப்புப் பணியாளர்கள் சட்டப்படியான ஒரு பேரவையில் பதிவு செய்துகொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. ஒரு தலைமுறைப் பெற்றோரை அள்ளிக்கொண்டு போனபோது, அந்த ஊர்களிலிருந்தே பெண்களையும் இளைஞர்களையும் எடுத்துப் பயிற்சி கொடுத்து, தனித்து நின்ற பிள்ளைகளின் வீடுகளுக்கே அனுப்பினார்கள். காலையில் போய்ப் பள்ளிக்குக் கிளப்புவது, சாயங்காலம் போய்ச் சமைக்கக் கற்றுக்கொடுப்பது, கணக்குப் பாடத்தில் உதவுவது. பிள்ளைகளை இல்லத்துக்கு அள்ளிப்போகாமல், பணியாளரை வீட்டுக்கு அனுப்பிய ஏற்பாடு அது. நம்மிடம் சத்துணவுக் கூடமும் அங்கன்வாடியும் இல்லம் தேடிக் கல்வியும் நடத்திய அனுபவம் இருக்கிறது. உள்ளூர்ப் பெண்களை நம்பித் திட்டம் நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

முதலில், பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் பணியிடங்கள் நிரந்தரமாக வேண்டும். சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் பயிற்சி கொடுக்க வேண்டும். சட்டப் பிரிவுகளோடு, கத்தும் பையன் முன்னால் எப்படி நிற்பது என்பதையும் சேர்த்து. பகலெல்லாம் மற்றவர்களின் துயரத்தைச் சுமக்கும் அந்த ஊழியர் மனம்விட்டுப் பேசவும் மாதம் ஒருமுறையாவது ஓர் ஏற்பாடு வேண்டும். இதற்கெல்லாம் செலவாகும். பெயின்ட் அடித்த புதுக் கட்டடத்துக்கு ஆகும் செலவைப் போல இது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஆபத்திலிருக்கும் பிள்ளையைக் கண்டால் 1098-ஐ அழைப்பது முதல் வேலை. அது தவிர, பிறந்தநாளென்றால் இல்லங்களுக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு போகும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. போகலாம், தப்பில்லை. அடுத்த முறை போகும்போது பொறுப்பாளரிடம் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர், அவர்களில் ஒருவராவது போன வருஷமும் இங்கே இருந்தவரா? அதற்குக் கிடைக்கும் பதிலை உங்கள் கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.